கணிதப் புலவர் இராமாநுஜம் சீமைக் கல்வி பெற்ற வரலாறு

நம் தருமபுரியிலும், பாலக்கோடு, பென்னாகரம், அரூர் முதலிய ஊர்களிலும் வாழும் நம் சங்கத்துக் குடும்பங்களில், பிள்ளைகளைக் கடல் கடந்த தேசங்களின் சர்வகலாசாலைகளுக்கு அனுப்பிப் படிப்பிக்க வேண்டுமென்னும் விருப்பம் நாளுக்கு நாள் மிகுந்து வருகின்றது. இது மகிழத்தக்கதே. ஆயின் அவ்விருப்பத்தோடு கூடவே சில ஐயங்களும் எழுகின்றன. எத்துணை மார்க்கு வேண்டும்? முன்னதாக எந்தப் பட்டம் பெற்றிருத்தல் வேண்டும்? ஒரு பாடத்தில் தவறியவனுக்கு வாயில் அடைபட்டதுதானோ? பணத்துக்கு யார் பொறுப்பு? இவ்வினாக்களுக்கு விடையாக நிபந்தனைப் புத்தகங்களை எடுத்து ஒப்புவிப்பதினும், அந்நிபந்தனைகள் ஒவ்வொன்றாலும் தடுக்கப்பட்டு, ஒவ்வொன்றையும் முறையாகக் கடந்து சென்ற பெரியார் ஒருவரின் சரித்திரத்தை எடுத்துரைத்தல் நலமென யாம் எண்ணுகின்றோம். அவரே ஸ்ரீநிவாச இராமாநுஜம் அவர்கள். அவர்தம் கணிதப் பெருமையைக் கேளாதார் இலர். எந்த விதி எந்த இடத்தில் அவரை மறித்தது, யார் அதனை எவ்வாறு விலக்கினர் என்பதை அறிந்தாரோ மிகச் சிலர். ஈண்டு விதி என்றது தலையெழுத்தை அன்று, சர்வகலாசாலையாரின் சட்டத்தை.

இராமாநுஜம் 1887-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் ஈரோட்டில் தாய்வழிப் பாட்டியார் இல்லத்திற் பிறந்தார். தந்தையார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதுபவர், சொற்ப ஊதியத்தார். தாயார் கோமளத்தம்மாள் பக்தியும் மனவுறுதியும் உடையவர். கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியிற் பயின்று, 1904-இல் கணிதத்துக்குரிய ரங்கநாத ராவ் பரிசையும் பெற்று வெளிவந்த காலை, அவர் உபகாரச் சம்பளத்துடன் கும்பகோணம் அரசாங்கக் கலாசாலையிற் சேர்த்துக்கொள்ளப்பட்டார். அதுவரையில் யாதொரு குறையும் இல்லை.

குறை பின்னர்த் தொடங்கிற்று. கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணிதச் சூத்திரத் திரட்டொன்று பள்ளி நாளிலேயே அவர் கைக்கு வந்திருந்தது. அதன்பின் அவருக்கு உலகில் வேறு பாடமே இல்லாது போயிற்று. ஆங்கிலக் கட்டுரையில் தவறினார். உபகாரச் சம்பளம் நின்றது. நாணத்தால் வீட்டைவிட்டு விசாகப்பட்டினம் வரையிலும் சென்று திரும்பினார். பின்பு சென்னைப் பச்சையப்பன் கலாசாலையிற் சேர்ந்து 1906-இல் எப். ஏ. பரீட்சைக்குச் சென்றார், தவறினார். 1907-இல் தனித்திருந்து மீண்டும் எழுதினார், மீண்டும் தவறினார். கணிதத்தில் எவ்வளவு தேர்ச்சி காட்டினும், ஆங்கிலம், உடற்கூற்று நூல், வரலாறு முதலிய எல்லாப் பாடங்களிலும் உரிய மார்க்குப் பெற்றாலன்றி எப். ஏ. தேறியதாகாது என்பது அக்காலத்து விதி. எப். ஏ. தேறாதார் பி. ஏ. வகுப்பிற் புகுதல் ஒண்ணாது, பி. ஏ. இன்றி எம். ஏ. இல்லை, எம். ஏ. இன்றி ஆராய்ச்சிக்குரிய உபகாரச் சம்பளம் இல்லை. ஏணியின் முதற்படியிலேயே கால் வழுக்கியவருக்கு மேற்படிகள் யாவும் இல்லையாயின.

இவ்விடத்தில் யாம் சிறிது நின்று ஒன்று சொல்ல விரும்புகின்றோம். இராமாநுஜத்தின் பெயரைச் சொல்லிப் பாடம் படியாது திரியும் இளைஞர் சிலரை யாம் கண்டதுண்டு. பரீட்சையில் தவறினமையால் அவர் மேதை ஆனாரல்லர். தவறியபின் ஐந்தாண்டுக் காலம் பசியோடும் கடனோடும் போராடிக்கொண்டு, கணக்குப் புத்தகங்களில் பக்கம் பக்கமாகத் தேற்றங்களை எழுதி நிரப்பினார். அப்புத்தகங்களே பிற்காலத்தில் அவருக்குப் பட்டப் பத்திரமாய் நின்றன.

1909-இல் ஜானகியம்மாளை மணந்தார். குடும்பப் பாரம் வந்துவிடவே, 1910-இல் திருக்கோவிலூரில் டிப்டி கலெக்டராயிருந்த வி. இராமசாமி ஐயர் அவர்களைக் காணச் சென்றார். இந்தியக் கணித சங்கத்தை 1907-இல் நிறுவியவர் அவரே. சிறு குமாஸ்தா வேலை ஒன்று வேண்டுமென்பதே இராமாநுஜத்தின் விண்ணப்பம். அவர் காட்டிய நோட்டுப் புத்தகங்களைக் கண்ட ஐயர், இத்தகையாரைத் தாலூகாக் கச்சேரியில் உட்கார்த்தி வைத்தல் பாவமென எண்ணிச் சென்னையிலுள்ள கணித வல்லார்க்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். அவ்வழியே நெல்லூர்க் கலெக்டர் திவான் பகதூர் ஆர். இராமசந்திர ராவ் அவர்களின் அறிமுகம் கிடைத்தது. ராவ் அவர்கள் சிலகாலம் மாதம் 25 ரூபாய் தம் கையினின்றும் உதவினார். 1911-இல் இந்தியக் கணித சங்கத்தின் பத்திரிகையில் இராமாநுஜத்தின் முதற் கட்டுரை அச்சேறிற்று. 1912-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாளன்று சென்னைத் துறைமுகக் கச்சேரியில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார். அக்கச்சேரித் தலைவர் ஸர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்னும் பொறியியல் வல்லார். அவர்க்கடுத்து நின்றவர் கணிதமறிந்த எஸ். நாராயண ஐயர். மேலதிகாரிகள் இருவரும் தம் கீழிருந்த குமாஸ்தாவின் அருமையை உணர்ந்தது அவரது நற்பேறு.

1913-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 16-ஆம் நாள், கேம்பிரிட்ஜ் நகர் டிரினிட்டி கலாசாலைப் பேராசான் ஜி. எச். ஹார்டி என்பார்க்கு இராமாநுஜம் ஒரு கடிதம் விடுத்தார். முன்னரே வேறு இரு புலவர்க்கு எழுதிப் பயன் பெற்றிலர் என்பர். ஹார்டி, தம் நண்பர் லிட்டில்வுட்டோடு அமர்ந்து அத்தேற்றங்களை ஆராய்ந்து, எழுதியவர் உயர்ந்த கணிதப் புலவரே என்று துணிந்து, பிப்ரவரித் திங்கள் 8-ஆம் நாள் விடை எழுதினார். இதற்கு முன்னரே அவர் இலண்டனிலுள்ள இந்தியா மந்திரிக் காரியாலயத்துக்கும் செய்தி தெரிவித்தார். அந்நாளில் சீமைக்குப் படிக்கச் செல்லும் இந்திய மாணாக்கரைக் கவனித்தற்கென அக்காரியாலயத்தில் ஒரு பகுதியும், சென்னையில் ஓர் ஆலோசனைக் குழுவும் இருந்தன. சென்னைக் குழுவின் காரியதரிசி இராமாநுஜத்தை அழைத்துச் சீமைக்குச் செல்ல இசைவாரோ என வினவினார். உடன் சென்ற நாராயண ஐயரோ, இசையார் என்று விடையிறுத்தார். கடல் கடத்தல் குலாசாரத்துக்கு மாறு என்பதே காரணம்.

ஆக, சீமைக் கல்விக்கு முதல் தடை சீமையினின்றும் வந்ததன்று. நம் வீட்டுத் திண்ணையினின்றும் வந்தது. கடல் கடந்தாரை ஜாதியினின்றும் விலக்குதல் அந்நாளில் மேற்குலத்தார் பலரிடை வழங்கிய கட்டுப்பாடு. அதே காலத்தில் சேலம் ஜில்லாவிலிருந்து ஏழைக் குடியானவர் பலர் தோட்டக் கூலிகளாக இலங்கைக்கும் மலேயாவுக்கும் கப்பலேறினர். அவர் திரும்பி வந்தாரா என்று கேட்பாரும் அரியர். கல்விக்காகச் செல்வதே பெருங்குற்றமாக எண்ணப்பட்டது. ஜாதிச் சங்கமொன்றின் பத்திரிகையில் எழுதுகின்ற யாம் இதனை மறைத்தல் முறையன்று.

இந்நிலையில் உதவி உள்ளூரிலிருந்தே பிறந்தது. வானிலை ஆராய்ச்சித் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் பிப்ரவரித் திங்களிற் சென்னைக்கு வந்தார். அவர் கேம்பிரிட்ஜிற் கணிதத்தில் முதன்மை பெற்றவர். ஸ்பிரிங் அவர்கள் அவரை இராமாநுஜத்தின் நோட்டுப் புத்தகங்களைப் பார்வையிடச் செய்தார். வாக்கர் மறுநாளே சென்னைச் சர்வகலாசாலை ரிஜிஸ்திரார்க்கு எழுதி, இவர் வேறு தொழிலின்றிக் கணிதமே ஆராய்தற்கு வகை செய்யுமாறு கேட்டுக்கொண்டார். மார்ச்சுத் திங்கள் 19-ஆம் நாள் கூடிய கணிதப் பாடக் குழுவினர் மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டாண்டுக்கு உபகாரச் சம்பளம் அளிக்கலாமெனப் பரிந்துரைத்தனர். ஆனால் எம். ஏ. பட்டம் பெற்றார்க்கே அச்சம்பளம் உரியது என்னும் சட்டம் குறுக்கே நின்றது. எப். ஏ. கூடத் தேறாதார்க்கு எங்ஙனம் கொடுப்பது? சிண்டிகேட் சபையில் இவ்வினா எழுந்தபோது, உயர்நீதிமன்ற நீதிபதி பி. ஆர். சுந்தரம் ஐயர் அவர்கள், சர்வகலாசாலையை ஏற்படுத்திய மூலச்சட்டத்தின் முகவுரையை எடுத்துக்காட்டி, ஆராய்ச்சியை வளர்த்தலும் அதன் நோக்கங்களில் ஒன்றன்றோ என்று வினவினார் என்பர். கிளைச் சட்டம் தடுத்ததை மூலச்சட்டத்தின் கருத்தைக் கொண்டு விலக்கிய அந்த நியாயவாதம் எமக்கு மிகவும் உவப்பாயுள்ளது. ஏப்ரல் 7-ஆம் நாள் சபையார் இசைந்தனர். துறைமுகத்தார் சம்பளமின்றி இரண்டாண்டு ஓய்வு கொடுத்தனர்.

சம்பளம் வந்ததோடு நிபந்தனையும் வந்தது. மூன்று திங்களுக்கொருமுறை தம் ஆராய்ச்சியைப் பற்றி எழுத்து மூலமாய் அறிவித்தல் வேண்டும் என்றனர். இராமாநுஜம் அவ்வாறே மூன்று அறிக்கைகள் சமர்ப்பித்தார். பரீட்சைக் கூடத்தில் தவறியவர் இக்கட்டளையில் தவறினாரல்லர்.

1914-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இ. எச். நெவில் என்னும் இளம் பேராசான் சென்னைச் சர்வகலாசாலையிற் சொற்பொழிவாற்ற வந்தார். இராமாநுஜத்தை எவ்வாறேனும் கேம்பிரிட்ஜுக்கு அழைத்து வருமாறு ஹார்டி அவரைக் கேட்டுக்கொண்டிருந்தார். நெவில் சென்று பேசியபோது, இராமாநுஜம் முன்போல் மறுத்திலர். அதற்குள் வீட்டில் மாறுதல் நிகழ்ந்திருந்தது. சேலத்துக்குத் தெற்கே நாமக்கல்லில் எழுந்தருளியுள்ள நாமகிரித் தாயார் அவர்தம் குலதெய்வம். நம் பக்கத்தாரும் சென்று தொழும் சந்நிதி அது. நாராயண ஐயரோடு அங்கே சென்று, கோயிலில் மூன்று இரவு தங்கி உத்தரவு பெற்றார் என்று ஒரு சாரார் கூறுவர். தாயார் கண்ட கனவில் தேவி அனுமதி தந்தாள் என்று மற்றொரு சாரார் கூறுவர். எஃது எவ்வாறாயினும், தாயின் இசைவு கிடைத்தது.

எஞ்சிய ஐயங்கள், இன்று நம் பிள்ளைகள் கேட்கும் ஐயங்களே. பணம் யார் கொடுப்பார்? தமக்குத் தெரிந்த ஆங்கிலம் போதுமோ? புலால் உண்ணாது வாழ இயலுமோ? அங்கும் பரீட்சை எழுத வேண்டுமோ? கடைசியிற் சொன்னதே அவருக்குப் பேரச்சம். நெவில் ஒவ்வொன்றுக்கும் உறுதி கூறினார். பரீட்சை இல்லை, ஆராய்ச்சி மாணாக்கராகவே சேரலாம் என்றார். பணத்தைப் பற்றி மட்டும் அவரால் தனியே உறுதி கூற இயலவில்லை. இந்தியா மந்திரிக் காரியாலயத்தாரோ காசு தருதற்கில்லை என்று கைவிரித்தனர். ஹார்டியும் லிட்டில்வுட்டும் தம் கைப்பொருளினின்றும் ஒரு சிறு தொகை ஈய முன்வந்தனர், அது போதுமானதன்று.

ஆதலின் நெவில் ஜனவரித் திங்கள் 28-ஆம் நாள் சர்வகலாசாலை ரிஜிஸ்திரார் டியூஸ்பரி என்பார்க்கு விரிவாக எழுதினார். ராஜதானிக் கலாசாலைக் கணிதப் பேராசான் லிட்டில்ஹெயில்ஸும் எழுதினார். ஸ்பிரிங், கவர்னர் பெண்ட்லண்ட் பிரபுவின் காரியதரிசிக்கு எழுதினார். சர்வகலாசாலை நிதியிலிருந்து 10,000 ரூபாய் ஒதுக்க வேண்டியிருந்தமையால், அரசாங்கத்தின் அங்கீகாரமும் இன்றியமையாததாயிற்று. அதுவும் கிடைத்தது. ஆண்டொன்றுக்கு 250 பவுனாக இரண்டாண்டுக்குச் சம்பளம், உடை முதலியவற்றுக்கு 100 பவுன், கப்பற் கட்டணம் வேறு என முடிவாயிற்று. அந்த 250 பவுனில் 50 பவுன் தாயாருக்குச் செல்லுமாறு இராமாநுஜம் ஏற்பாடு செய்தார்; டிரினிட்டி கலாசாலையார் தம் பங்குக்கு ஆண்டுதோறும் 60 பவுன் சேர்த்தனர். இரண்டாண்டு என்றிருந்தது பின்னர் நீட்டிக்கப்பட்டு 1919 வரையிலும் சென்றது. ஹார்டிக்கு முதற் கடிதம் விடுத்த நாள் தொட்டுக் கப்பலேறிய நாள் வரை பதினான்கு திங்கள் சென்றன. இக்காலத்தில் நாட்டைவிட்டுச் செல்ல விழைவோர், விண்ணப்பம் போட்ட மறுவாரமே விடை வரவில்லையென்று வாடுவது எதற்கென யாம் அறியோம்.

புறப்படுமுன் குடுமி களையப்பட்டது. கோட்டும் காற்சட்டையும் அணிவிக்கப்பட்டன. அக்காட்சியைக் காணாதிருத்தற்பொருட்டுத் தாயாரும் மனைவியாரும் முன்னரே கும்பகோணத்துக்கு அனுப்பப்பட்டனர். 1914-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 17-ஆம் நாள் நெவாசா என்னும் கப்பல் சென்னைத் துறைமுகத்தினின்றும் அவரை ஏற்றிச் சென்றது. எந்தத் துறைமுகத்தில் 30 ரூபாய்க்குக் கணக்கெழுதினாரோ அதே துறைமுகம். ஏப்ரல் 14-ஆம் நாள் இலண்டனை அடைந்தார்.

கேம்பிரிட்ஜிலும் விதி இல்லாமற் போகவில்லை. பிற சர்வகலாசாலைகளிற் பட்டம் பெற்றோர், முறையான பரீட்சைக்கு உட்படாது, ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றினாலேயே பட்டம் பெறலாம் என்னும் ஏற்பாடு அங்கே 1895 முதல் உண்டு. ஆயினும் முன்பு கற்றதற்குரிய பத்திரம் காட்டுதல் வழக்கம். இராமாநுஜத்திடம் மெட்ரிகுலேஷனுக்கு மேற்பட்ட பத்திரம் யாதும் இல்லை. அந்நிபந்தனை அவர்பொருட்டு விலக்கப்பட்டு, 1914 ஜூன் திங்களில் ஆராய்ச்சி மாணாக்கராகச் சேர்த்துக்கொள்ளப்பட்டார். விலக்கியது பத்திரத்தை மட்டுமே என்பதை நம் வாசகர் கருதவேண்டும். குறித்த காலம் ஆங்குத் தங்குதலும், கட்டுரை எழுதுதலும், அறிஞர் அதனைச் சோதித்து ஏற்றலும் விலக்கப்பட்டில. ஹார்டி அவருடைய முன்னேற்றத்தைக் குறித்துச் சென்னைக்கு எழுதிவந்தார்.

அவர் எழுதிய கட்டுரை மிகு வகுஎண்களைப் பற்றியது. ஓர் எண்ணைக் காட்டிலும் சிறிய எண் எதற்கும் அதனளவு வகுத்திகள் இல்லையாயின் அவ்வெண் இவ்வகையைச் சாரும். பன்னிரண்டை 1, 2, 3, 4, 6, 12 என ஆறு எண்கள் மிச்சமின்றி வகுக்கும். பன்னிரண்டிற் குறைந்த எந்த எண்ணுக்கும் ஆறு வகுத்திகள் இல்லை. நாளொன்றுக்கு நாழிகை அறுபது என நம் முன்னோர் கொண்ட அறுபதும் இத்தகையதே. அதற்குப் பன்னிரண்டு வகுத்திகள். இக்கட்டுரையின் பெரும்பகுதி 1915-இல் இலண்டன் கணித சங்கத்தாரால் வெளியிடப்பட்டது. 1916 மார்ச்சுத் திங்களில் ஆராய்ச்சியின்பேரில் பி. ஏ. பட்டம் வழங்கினர். டாக்டர்ப் பட்டம் அந்நாளிற் கேம்பிரிட்ஜில் ஏற்படவில்லை. சில ஆண்டு கழிந்தே ஏற்பட்டது. எப். ஏ. என்னும் முதற்படியை மிதியாமலே பி. ஏ. என்னும் படியில் ஏறி நின்றார்.

சர்வகலாசாலையாரின் நிபந்தனைகளுள் இடம்பெறாத சிலவே அவரை வருத்தின. கல்லூரிச் சமையற்கூடத்தில் விலங்குக் கொழுப்புக் கலக்குமோ என அஞ்சித் தம் அறையிலேயே சமைத்துண்டார். 1914 ஆகஸ்டில் ஐரோப்பிய மகாயுத்தம் மூண்டது. காய்கறியும் பாலும் அரிதாயின. வேலையில் ஈடுபட்டால் சமைத்தலையும் மறப்பார். குளிரின் கொடுமையைச் சொல்லவேண்டா. அந்நாளில் கேம்பிரிட்ஜிற் பயின்றவரும், பிற்காலத்திற் புள்ளியியலிற் பேர்பெற்றவருமான மகலநோபிஸ் ஒருநாள் அவரைக் காணச் சென்றபோது, இரவெல்லாம் குளிரால் நடுங்குவதாகச் சொன்னார். படுக்கையைப் பார்த்தால், கம்பளிகள் மெத்தையோடு சேர்த்து ஒழுங்காய் மடித்துச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே புகுந்து படுக்கவேண்டுமென்பதை அறியாது, மேலேயே படுத்து மேலங்கியையும் சால்வையையும் போர்த்துக்கொண்டிருந்தார் இராமாநுஜம்! உலகமெலாம் வியந்த மூளையுடையார்க்கும், கம்பளியில் எவ்வாறு படுப்பதென ஒருவர் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. நம் பிள்ளைகளை அனுப்பும் தாய்மார், சான்றுப் பத்திரங்களைத் தேடுமளவு இச்சிறு காரியங்களையும் விசாரித்தல் நன்று.

1917-ஆம் ஆண்டின் வசந்தத்தில் நோய் பற்றிற்று. காசநோய் எனக் கருதி வைத்தியசாலை பலவற்றில் வைத்தனர். ஈரலைப் பற்றிய சீதபேதிக் கிருமியே மூலமாகலாம் என இக்கால மருத்துவர் சிலர் கருதுகின்றனர். நோய்ப்படுக்கையிலேயே பெருமைகள் வந்தெய்தின. 1918-இல் ராயல் சொசைட்டியின் அங்கத்தினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1841-இல் அர்தசீர் கர்செட்ஜி தெரிந்தெடுக்கப்பட்டபின் இப்பெருமை பெற்ற இரண்டாம் இந்தியர் இவரே. அவ்வாண்டு அக்டோபரில் டிரினிட்டி கலாசாலையின் பெல்லோ ஆனார். அதனைப் பெற்ற முதல் இந்தியர். ஆண்டுக்கு 250 பவுன், ஆறாண்டுக்கு, கடமை யாதுமின்றி. சென்னைச் சர்வகலாசாலையாரும் ஆண்டுக்கு 250 பவுன் ஐந்தாண்டுக்குத் தர இசைந்தனர்.

இதற்கு விடையாக 1919 ஜனவரித் திங்கள் 11-ஆம் நாள் இராமாநுஜம் ரிஜிஸ்திரார்க்கு எழுதிய கடிதம், அவர் வாழ்விற் கணிதத்துக்குப் புறம்பான செய்திகளுள் தலைசிறந்ததென எமக்குத் தோன்றுகிறது. கொடுக்கும் தொகை தம் தேவைக்கு மிக்கதென்றும், பெற்றோர்க்கு ஆண்டுக்கு 50 பவுன் கொடுத்து, தம் அவசியச் செலவும் போக எஞ்சுவதை, ஏழைச் சிறுவர்க்கும் அநாதைகட்கும் பள்ளிச் சம்பளம் குறைத்தல், புத்தகம் அளித்தல் போன்ற கல்விக் காரியங்கட்கு உதவவேண்டுமென்றும் அதிற் கண்டிருந்தார். உபகாரச் சம்பளம் நின்றதால் வீட்டைவிட்டு ஓடிய பழைய நாளை அவர் மறந்தாரல்லர்.

1919 மார்ச்சுத் திங்கள் 27-ஆம் நாள் பம்பாயில் இறங்கினார். ஓராண்டு சென்றபின், 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள், சென்னைச் சேத்துப்பட்டில், முப்பத்திரண்டாம் வயதில் உயிர்நீத்தார். இறுதி வரையிலும் ஜானகியம்மாள் உடனிருந்து பணிவிடை செய்தார். கடல் கடந்ததற்குப் பிராயச்சித்தமாக இராமேசுவரம் செல்ல எண்ணியிருந்தும் நோயால் இயலாமற் போகவே, ஆசாரமுடைய உறவினர் பலர் ஈமக்கிரியைக்கு வாராதிருந்தனர் என்று அவர் சரித்திரம் எழுதினோர் குறிக்கின்றனர். சென்னைச் சர்வகலாசாலை தன் சட்டத்தை அவர்பொருட்டு விலக்கிற்று, கேம்பிரிட்ஜும் விலக்கிற்று. சுற்றத்தாரின் சட்டமொன்றே கடைசிவரை விலகாது நின்றது.

ஜானகியம்மாளுக்குச் சர்வகலாசாலையார் மாதம் 20 ரூபாய் உபகாரச் சம்பளம் ஏற்படுத்தினர். அவர் தையல் வேலை கற்று, திருவல்லிக்கேணியில் தம் கையுழைப்பால் நெடுங்காலம் வாழ்ந்தார். 1950-ஐ ஒட்டி, தாயை இழந்த சிறுவன் ஒருவனைத் தம் மகனாக ஏற்று வளர்த்துப் படிக்கவைத்தார். 1994-இல் காலமானார்.